நவீனத்துவக் கட்டடங்கள் ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கின்றன?

நவீனத்துவக் கட்டடக்கலை என்றால், சிற்ப வேலைப்பாட்டைத் தவிர்த்து, கட்டடம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதை முதலில் யோசித்துக் கட்டுவது. 1920களில் ஐரோப்பாவில் வேகமெடுத்தது.

"அலங்காரம் செய்யத் தெரியாமல்தான் இப்படிக் கட்டினார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியில்லை, பெரிய காரணம் வீட்டுப் பஞ்சம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் நகரங்களில் ஏராளமான தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒழுங்கான வீடில்லை. பிராங்க்பர்ட் நகராட்சி 1925இல் எர்ன்ஸ்ட் மை என்ற கட்டடக் கலைஞரைப் பொறுப்பில் வைத்து, சில ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அந்த வேகத்தில் பூவேலைக்கு ஏது நேரம், ஏது காசு?

அந்த வீடுகளின் சமையலறையைப் பாருங்கள். 1926இல் மார்கரெட்டெ ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். ரயிலில் சாப்பாடு பரிமாறும் பெட்டியின் சமையலறைதான் முன்மாதிரி. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய டப்பாக்கள். உருவி அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். நம்ம டீ மாஸ்டர் நின்ற இடத்திலிருந்தே பால், டிகாஷன், சர்க்கரை எல்லாம் எட்டி எடுப்பாரே, அதே கணக்கு. ஆனால் ஒருவர்தான் நிற்க முடியும். பெண்களைத் தனியாக அடைத்துவிட்டது என்ற விமர்சனம் பின்னால் வந்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

அப்புறம், இவையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன என்று பலர் நினைப்பது கறுப்பு-வெள்ளைப் புகைப்படங்கள் செய்த வேலை. அந்தச் சமையலறை அலமாரிகளில் பல நீலப்பச்சை நிறத்தில் இருந்தன.