பிரஷர் மாத்திரையும் லூயிஸ் ஓர்ட்டிஸும்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, எடை 96 கிலோ. ஹெவிவெயிட் பிரிவில் குத்துச்சண்டை ஆடுகிறான். கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய லூயிஸ் ஓர்ட்டிஸ்தான் அவனுக்கு எல்லாம். "அவரே முப்பது தாண்டித்தான் தொழில்முறைக்கு வந்தார், எனக்கு என்ன அவசரம்" என்கிறான். போன மாதம் அவனுக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "போட்டிக்கு நாலு நாள் முன்னாடி நிறுத்திக்கலாம்" என்கிறார் பயிற்சியாளர். ஆனால் ஓர்ட்டிஸே பிரஷர் மாத்திரையால் மாட்டிக்கொண்டார் என்று எங்கோ படித்தேன். அது உண்மையா? நான் என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்: படித்தது உண்மைதான். ஆனால் முழுக் கதை அது இல்லை.

2017 நவம்பர் 4 அன்று புரூக்ளினில் அமெரிக்கச் சாம்பியன் டியான்டே வைல்டரோடு உலகப் பட்டத்துக்காக ஓர்ட்டிஸ் மோதுவதாக இருந்தது. செப்டம்பர் கடைசியில் அவருடைய சிறுநீர் மாதிரியில் குளோரோதயசைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இரண்டு பொருள்கள் இருப்பது வெளியே வந்தது. இரண்டுமே உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் தினமும் காலையில் விழுங்கும் மருந்து. ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டேன் என்றார் ஓர்ட்டிஸ். பட்டத்தை நடத்தும் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலும் கடைசியில் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. மருந்து சாப்பிடுவதைச் சோதனை அமைப்பிடம் முன்கூட்டியே சொல்லாததற்காக 25,000 டாலர் அபராதம் போட்டது. ஆனால் அதற்குள் சண்டை கைவிட்டுப் போயிருந்தது. ஓர்ட்டிஸ் இடத்தில் பெர்மேன் ஸ்டிவெர்ன் ஏறி, முதல் ரவுண்டிலேயே வைல்டரிடம் விழுந்தார்.

ஒரு மாத்திரைக்கு ஏன் அவ்வளவு ஆர்ப்பாட்டம்? காரணம் 2014-இல் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகாஸில் லத்தீஃப் கயோடேயை முதல் ரவுண்டிலேயே ஓர்ட்டிஸ் முடித்தார். பின்னர் சோதனையில் நான்ட்ரோலோன் கண்டுபிடிக்கப்பட்டது. அது தசை வளர்க்கும் ஸ்டீராய்டு, பிரஷருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெற்றி ரத்தாகி, அவருக்குத் தடையும் வந்தது. சிறுநீரை நீர்த்துப்போகச் செய்து ஸ்டீராய்டின் தடயத்தை மறைக்க நீர் வெளியேற்றும் மாத்திரைகள் உதவும். தடைப் பட்டியலில் அவை இருப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான். எடைப் பிரிவுக்காக ஒரே நாளில் இரண்டு மூன்று கிலோ இறக்க அவற்றைப் பயன்படுத்துவது இன்னொரு காரணம், மேல் வரம்பு இல்லாத தொழில்முறை ஹெவிவெயிட்டில் அதற்குத் தேவை கிடையாது. ஒருமுறை ஸ்டீராய்டில் சிக்கியவரிடம் மறுபடி மறைப்பு மருந்து கிடைத்தால் ஊர் என்ன நினைக்கும்? 2014-இன் கறை இல்லாவிட்டால் 2017 வெறும் படிவத் தகராறாகக் கடந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு.

இனி உங்கள் மகன். மாத்திரை அட்டையைத் திருப்பி, பிராண்டுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பிரஷர் மாத்திரைகளில் பல, இரண்டு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். பிராண்டுப் பெயரின் வாலில் 'எச்' என்று தனி எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரோதயசைடு. 'சிடி', 'சிஎச்' போன்ற வால்கள் இருந்தால் குளோர்தாலிடோனாக இருக்கலாம். இன்டாபமைடு, ஃபுரோசமைடு, டோர்செமைடு, ஸ்பைரனோலாக்டோன் ஆகியவையும் இதே வகை. இவை எல்லாமே போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் தடை செய்யப்பட்டவை. பயிற்சியாளர் சொல்லும் நாலு நாள் கணக்கு இங்கேதான் உடைகிறது. சோதனை செய்பவர் பயிற்சிக் களத்துக்கோ வீட்டுக்கோ எந்த நாளும் வரலாம். டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் திரும்ப ஏறும், அதோடு போட்டிக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையிலேயே பையனை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள்.

அம்லோடிபின், லோசார்டன், டெல்மிசார்டன், எனலாப்ரில் ஆகியவை தனியாக இருந்தால் தடையில்லை. பெரும்பாலானவர்களுக்கு இவற்றிலேயே அழுத்தம் கட்டுப்படும். மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்றவை வில்வித்தை, துப்பாக்கிச் சுடுதல் மாதிரி சில விளையாட்டுகளில்தான் தடை. குத்துச்சண்டையில் தடை இல்லாவிட்டாலும் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதால் மூன்றாவது ரவுண்டில் கால் நகராது. ஆகவே டாக்டரிடம் போய், "இவன் ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்ட விளையாட்டு வீரன், நீர் பிரிக்கும் மருந்து இல்லாமல் மாற்றித் தர முடியுமா" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். பல டாக்டர்களுக்கு இது நினைவில் இருக்காது. அவர்கள் பார்க்கும் நோயாளிகளில் எத்தனை பேர் குத்துச்சண்டை வீரர்கள்?

மாற்றவே முடியாது என்றால், டியூஇ எனப்படும் மருத்துவப் பயன்பாட்டு விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் தேசிய அளவில் ஆடுபவர் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவுக்கு அனுப்ப வேண்டும், சர்வதேச அளவு என்றால் அந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்புக்கு. நோய் உறுதிசெய்யப்பட்டதற்கான ஆவணங்கள், அழுத்த அளவீடுகள், ஏற்கெனவே எந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து ஏன் பலிக்கவில்லை என்ற டாக்டரின் குறிப்பு எல்லாம் அதோடு சேர வேண்டும். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் போய்ச் சேரட்டும். 'தடையில்லாத மாற்று மருந்து இல்லை' என்பதை நிரூபிப்பதில்தான் பிரஷர் விண்ணப்பங்கள் அதிகம் அடிபடும், மாற்றுகள் நிறைய இருப்பதால். நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்துப் பெயரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளவும் முடியும். சோதனைப் படிவத்தில் கடந்த ஏழு நாளில் சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொல்லும் இடம் உண்டு. சளி மாத்திரை, புரோட்டீன் பவுடர் வரை எழுதட்டும். ஆனால் அதில் எழுதிவிட்டால் விலக்கு கிடைத்துவிட்டது என்று பொருளில்லை, இரண்டும் வேறு வேறு. (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் சுருக்கப் பெயர் வாடா. ஓர்ட்டிஸைச் சோதித்த அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் பெயரும் தமிழில் எழுதினால் வாடாதான். செய்தி படிக்கும்போது குழம்ப வேண்டாம்.)

இன்னொரு சந்தேகம். இருபது வயதில், 96 கிலோ உடம்பில், அந்த அழுத்தம் சரியாகத்தான் அளக்கப்பட்டதா? கையில் சுற்றும் சாதாரணப் பட்டை சுமார் 34 செ.மீ. சுற்றளவுள்ள புஜம் வரைக்கும்தான். ஹெவிவெயிட் வீரர்களின் புஜம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெரிய கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். டேப் எடுத்து மகனின் புஜத்தை அளந்து, 35-க்கு மேல் என்றால் பெரிய பட்டையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சி முடித்த கையோடு அளக்கக் கூடாது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, வெவ்வேறு நாள்களில் எடுக்க வேண்டும். கைவலி, தோள்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் அடிக்கடி போடுகிறானா, பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடி ஏதாவது உண்டா என்றும் விசாரியுங்கள். இவையும் அழுத்தத்தை ஏற்றும். காரணம் இங்கேயே கிடைத்துவிடலாம், மாத்திரையே வேண்டியிருக்காது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான்.

அடுத்தது 'முப்பது தாண்டி' என்ற வாதம். கியூபாவின் கமாகுவேயில் 1979-இல் பிறந்த ஓர்ட்டிஸ் 2010 பிப்ரவரியில், 31-ஐத் தொடச் சில வாரங்கள் இருக்கும்போது, மயாமியில் முதல் தொழில்முறைச் சண்டை ஆடினார். அது அவர் எடுத்த அவகாசம் இல்லை. கியூபா 1962-இலேயே தொழில்முறை விளையாட்டை ஒழித்துவிட்டது. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற தியோஃபிலோ ஸ்டீவன்சனும் பிறகு அதே மூன்றைச் செய்த ஃபெலிக்ஸ் சவோனும் கடைசிவரை அமெச்சூராகவே இருந்தார்கள். அப்போதெல்லாம் பணத்துக்கு ஆட வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஓர்ட்டிஸ் 2009-இல் போனார். பிறவித் தோல் நோய் உள்ள மகளுக்குச் சிகிச்சை வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதற்குள் நூற்றுக்கணக்கான அமெச்சூர் சண்டைகளை அரசுப் பயிற்சி முறைக்குள் ஆடி முடித்திருந்தார். தாமதமானது லைசென்ஸ்தான், பயிற்சி இல்லை. உங்கள் மகன் காத்திருக்க நினைத்தால், அந்த ஆண்டுகளில் அவனுக்கு அதே அளவு சண்டை கிடைக்குமா என்பதைக் கேளுங்கள்.

தாமதத்துக்கு விலையும் உண்டு. 2015-இல் விடோண்டோ, ஜென்னிங்ஸ் என்ற இரண்டு வீரர்களைச் சாய்த்தபோது அவர் உச்சத்தில் இருந்தார், வயது 36. வைல்டர் கிடைத்தபோது கிட்டத்தட்ட 39. 2018 மார்ச் 3, புரூக்ளின்: ஐந்தாவது ரவுண்டில் ஒருமுறை விழுந்த ஓர்ட்டிஸ், ஏழாவதில் வைல்டரை நிலைகுலைய வைத்துக் கயிறோரம் துரத்தினார். வைல்டர் கட்டிப்பிடித்துத் தப்பிக்க, மணி அடித்துவிட்டது. 241 பவுண்டு உடம்போடு அந்த அடிமழை பொழிந்ததில் ஓர்ட்டிஸுக்கே மூச்சு தீர்ந்திருந்தது. எட்டாவது தொடங்கும் முன் டாக்டர் வந்து வைல்டரைப் பரிசோதித்ததில் இன்னும் சில நொடிகள் கழிந்தன. பத்தாவதில் ஓர்ட்டிஸ் இரண்டு முறை விழுந்து சண்டை நின்றது.

2019 நவம்பர் மறுசண்டையைத்தான் மகன் பாடமாகப் பார்க்க வேண்டும். ஓர்ட்டிஸ் இடதுகைக்காரர். வலதுகைக்காரரோடு நிற்கும்போது இருவரின் முன்கால்களும் ஒரே பக்கம் மோதும், யாருடைய கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ அவருக்குப் பின்கை நேராகத் திறக்கும். முதல் ஆறு ரவுண்டிலும் அந்த இடத்தைப் பிடிக்கிறார், குறைவாகவே அடித்து வைல்டரை யோசிக்க வைக்கிறார். அதுவரையான புள்ளிகளில் இரண்டு நடுவர்கள் 59-55, மூன்றாமவர் 58-56, எல்லாமே ஓர்ட்டிஸ் பக்கம். ஏழாவதில் ஒரே ஒரு வலது கை, கதை முடிந்தது. இடதுகைக்காரருக்கு எதிராக வைல்டரின் வலது கைக்கும் அதே பாதை திறந்தே இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

2022 செப்டம்பரில் முன்னாள் உலகச் சாம்பியன் ஆண்டி ருயிஸிடம் தோற்றது இன்னும் சுவாரசியமான கணக்கு. ஓர்ட்டிஸுக்கு அப்போது 43 வயது. இரண்டாவது ரவுண்டில் இரண்டு முறையும் ஏழாவதில் ஒரு முறையும் விழுந்தார். தீர்ப்பு 114-111, 114-111, 113-112. ஒரு ரவுண்டு ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்தால் 8, இரண்டு முறை விழுந்தால் 7. பேப்பரில் போட்டுப் பாருங்கள்: 114-111 என்றால் இருவரும் ஆளுக்கு ஆறு ரவுண்டு. 113-112 தந்த நடுவரின் கணக்கில் ஓர்ட்டிஸ் ஏழு ரவுண்டு ஜெயித்திருக்கிறார், ஆனாலும் தோல்விதான். விழுந்த மூன்று தடவைக்கும் போன மூன்று புள்ளிதான் வித்தியாசம். அந்தச் சண்டையை ஒலியை அணைத்துவிட்டு, பன்னிரண்டு ரவுண்டுக்கும் அவனே புள்ளி போட்டுக்கொண்டு பார்க்கட்டும்.