கழுத்து வழியாக மூச்சுப்பாதை: சேலம் மயக்கவியல் மருத்துவரிடம் கேளுங்கள்

ஏற்காடு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்: டியூப் போகல, மாஸ்க்கிலும் காற்று ஏறல. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர நேரமில்லை. கழுத்தைக் கீறி டியூப் போடும் முறையை வரிசையா சொல்லுங்க சார்.

10-ஆம் எண் கத்தி, பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் வளையும் குச்சி), கஃப் (ஊதினால் உப்பும் பலூன்) வைத்த 6 எண் டியூப். மூன்றும் ஒரே பையில் இருக்கணும், தேடக்கூடாது. மேலிருந்து, வாய் மூக்கு வழியா, ஆக்சிஜன் ஓடட்டும். தசை தளர்வு மருந்து முழுசா வேலை செய்யணும். நோயாளி இருமினால் கத்தி நழுவும்.

வலக்கைக்காரர் நோயாளியின் இடப்பக்கம் நில்லுங்க. இடக்கையால் குரல்வளையை இருபுறமும் பிடித்து அசையாமல் நிறுத்துங்க. தைராய்டு குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள வளையக் குருத்தெலும்பான கிரிகாய்டுக்கும் நடுப்பள்ளத்தில் உள்ள சவ்வில் குறுக்காகக் குத்துங்க, வெட்டும் விளிம்பு உங்க பக்கம். வெளியே எடுக்காமல் 90 டிகிரி திருப்பி அந்த விளிம்பைக் கால் பக்கம் கொண்டுவாங்க. கத்தியை உருவாதீங்க, துளை மூடிக்கும். கை மாற்றி, கத்தியை உங்க பக்கம் லேசா இழுத்துப் பிடித்து, அதை ஒட்டியே பூஜியின் வளைந்த நுனியை 10–15 செ.மீ. உள்ளே விடுங்க. பிறகுதான் கத்தி வெளியே. ஜெல் தடவிய டியூபைச் சுழற்றி ஏற்றுங்க. கஃப் மறைந்ததும் நிறுத்துங்க, மேலும் தள்ளினால் வலது நுரையீரலுக்குள் போய்விடும். கஃப் ஊதி, பூஜியை உருவி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராபைப் பாருங்க. அலை இல்லையா, டியூப் மூச்சுக்குழாயில் இல்லை.

ஆத்தூர், பயிற்சி மருத்துவர்: கழுத்து தடித்து எதுவும் தட்டுப்படலன்னா?

நடுக்கோட்டில் நெடுக்காக 8–10 செ.மீ. கீறுங்க. விரலால் விலக்கி, குரல்வளையைத் தொட்டுப் பிடிச்சபிறகு மேலே சொன்னபடி. ரத்தத்தில் எதுவும் தெரியாது, விரல்தான் கண்.

மேட்டூர்: கத்தி எதுக்கு சார், 14 கேஜ் கேனுலா (ஊசியோடு குத்தும் மெல்லிய குழாய்) போதாதா?

போதாது. மூச்சுப்பாதைச் சிக்கல்கள் பற்றிய பிரிட்டனின் 2011 நாப்-4 தணிக்கையில் கேனுலா முயற்சிகளில் சுமார் 60 விழுக்காடு தோற்றது. மடங்கும், நழுவும், கையால் அமுக்கும் சாதாரண ஆம்பு பையால் அதன் வழியே போதிய காற்று தள்ள முடியாது.

மேட்டூர், மறுபடி: அதிக அழுத்தத்தில் காற்றைத் தள்ளும் ஜெட் வெண்டிலேட்டர் இருந்தா?

உள்ளே போன காற்று மேல்வழியா வெளியேறணுமே! அந்த வழி அடைச்சிருந்தா நுரையீரல் வெடிக்கும். நுனி சதைக்குள் இருந்தா கழுத்தெல்லாம் காற்று ஊதி, அப்புறம் கத்திக்கும் இடம் தெரியாது. பழக்கமும் கருவியும் உள்ள இடத்தில் செய்யலாம். உங்க வார்டில் இரண்டும் இருக்கா?

ஓமலூர்: நாலு வயசுக் குழந்தைக்கு?

இந்த முறை பெரியவர்களுக்கு. குழந்தையின் சவ்வு மிகச் சின்னது, வழிமுறையே வேறு. காது மூக்கு தொண்டை மருத்துவரை முதல்லயே கூப்பிடுங்க.

அஸ்தம்பட்டி: வீட்டில் பேனாக் குழாயால் செய்யலாமா?

கூடாது. 108.

சங்ககிரி: ஊசி போட்டுப் பார்த்துட்டு அப்புறம் கத்தி எடுத்தா?

மேட்டூர்காரருக்குச் சொன்ன பதிலைப் படிங்க.