பட்டன் போனைப் பிரிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

பழைய கைபேசிகளை வீட்டிலேயே சரிசெய்வது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டதுதான் தாமதம், மேஜை நிறைந்துவிட்டது. முக்கால்வாசி நோக்கியா. மற்ற கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், திருகாணி, ஸ்பிரிங், பேட்டரி விஷயமெல்லாம் உங்கள் போனுக்கும் அப்படியே பொருந்தும்.

கே: இறந்துபோன அப்பாவின் நோக்கியா 1100 பல வருடமாகப் பீரோவில் கிடக்கிறது. அவரும் அம்மாவும் அனுப்பிக்கொண்ட எஸ்எம்எஸ்கள் அதில் இருக்கும். இப்போது ஆன் ஆகவில்லை. கடையில் கொடுத்தால் அழித்துவிடுவார்களோ என்று பயம். நானே பிரித்துப் பார்க்கலாமா? – வாசகி, கும்பகோணம்

ப: இப்போதைக்குப் பிரிக்காதீர்கள், தேவையே இருக்காது. இத்தனை வருடம் சும்மா கிடந்த போன் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, வழுவழுப்பான மேஜையில் படுக்கவைத்து, ஓரத்தில் விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் நடுவில் உப்பிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அதைச் சார்ஜரில் போடவே கூடாது. சுற்றாவிட்டாலும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டிய லித்தியம் பேட்டரி 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே போய்க் கிடந்தால் அதை எழுப்பும் முயற்சியே வேண்டாம். சில கடைகளில் இரண்டு ஒயரை வைத்து நேரடியாகக் கரண்ட் கொடுத்து எழுப்புவார்கள், அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

1100-க்கு வரும் பேட்டரி பிஎல்-5சி. நல்ல வேளையாக அது இன்னும் கிடைக்கிறது, ஏனென்றால் சின்ன எஃப்எம் ரேடியோ, ஸ்பீக்கர், இன்றைய மலிவு விலை பட்டன் போன் என்று பலதும் அதே அளவில்தான் பேட்டரி எடுக்கின்றன. மேலே எத்தனை மில்லி ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறார்கள் என்பதை நம்பி வாங்காதீர்கள். அசல் பிஎல்-5சியே ஆரம்பத்தில் 850, பிறகு 1020 வரைக்கும்தான் வந்தது, அதே அளவில் 3000 என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் சில சார்ஜ் ஆகும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியாவே 2007 ஆகஸ்டில் அறிவித்து, 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளுக்கு மாற்றுத் தர முன்வந்தது. உங்கள் அப்பாவின் பேட்டரி அந்தக் காலத்துச் சரக்காக இருந்தால் அதைத் தொடாமல் விட இதுவும் ஒரு காரணம்.

புதுப் பேட்டரியைப் போடும் முன் போனுக்குள் தெரியும் மூன்று ஸ்பிரிங் முனைகளையும் பாருங்கள். கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால் காது குடையும் பட்ஸில் ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தொட்டுத் துடையுங்கள். மருந்துக் கடையில் வெறும் ஸ்பிரிட் கேட்டால் தண்ணீர் கலந்ததைத் தந்துவிடுவார்கள், 99 சதவீத ஐபிஏ என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு பிளஸ், மைனஸ். மீதி ஒன்று, உள்ளே இருப்பது எந்தப் பேட்டரி என்று போன் தெரிந்துகொள்ளும் வழி. அது ஒட்டாமல் போனால் பேட்டரி நன்றாக இருந்தும் போன் முறைத்துக்கொண்டு நிற்கும்.

செய்திகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை இருப்பது ஃபிளாஷ் மெமரியில், அதற்கு மின்சாரமே தேவையில்லை. பேட்டரி செத்ததால் போகிறது தேதியும் மணியும் மட்டும். ஆனால் சிம் விஷயத்தில் கவனம். அப்பாவின் பழைய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த எண் எப்போதோ வேறு யாருக்கோ போயிருந்தாலும் சிம்மில் பதிந்த பெயர்களும் செய்திகளும் அதிலேயே இருக்கும். முதலில் அந்தச் சிம்மையே போட்டு ஆன் செய்யுங்கள், வேறு சிம் போட்டால் பழைய நோக்கியாக்கள் கடைசியாகப் பேசிய அழைப்புகளின் பட்டியலை அழித்துவிடும். சிம்மின் ரகசிய எண்ணை (பின் நம்பர்) கேட்டால் மூன்று தவறுக்கு மேல் பொறுக்காது, ஊகித்து விளையாட வேண்டாம். செக்யூரிட்டி கோடு கேட்டால் அது வேறு, போனுடையது. மாற்றாமல் விட்டிருந்தால் 12345. திறந்ததும் அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு செய்தியாகக் காட்டி, இன்னொரு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், 1100-லிருந்து வெளியே எடுக்க அதைவிட எளிய வழி கிடையாது.

கே: 3310-இல் 2, 5, 8 மூன்றும் வேலை செய்யவில்லை. மற்றதெல்லாம் ஓகே. கீபேட் மாற்ற வேண்டுமா? – வாசகர், திண்டுக்கல்

ப: ஒரே நெட்டு வரிசையில் மூன்றும் போயிருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? கீபேடின் சாவிகள் கிடையும் நெட்டுமாகக் கம்பி கட்டினாற்போல இணைந்திருக்கும், ஒரு தடம் அறுந்தாலோ அழுக்கு ஏறினாலோ அந்த வரிசையே போகும். தனித்தனியாக அங்கொன்று இங்கொன்று போயிருந்தால் அழுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். உங்களுடையதில் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு, திறந்தால்தான் தெரியும்.

திறப்பதற்கு 3310 மாதிரி சாது கிடையாது. 2000-இல் வந்து 12 கோடிக்கும் மேல் விற்ற போன், பாடி மாற்றுவது அப்போது ஒரு ஃபேஷன் என்பதால் முன்மூடி பின்மூடி இரண்டும் கையாலேயே கழன்று வரும்படி செய்திருந்தார்கள். பேட்டரியை எடுங்கள், சிம்மை எடுங்கள், மூடிகளைக் கழற்றுங்கள், ரப்பர் கீபேடைத் தூக்குங்கள். இப்போது ஆறு திருகாணி தெரியும். இவற்றுக்கு நட்சத்திர முனை, டி6 என்று கேட்க வேண்டும். சின்ன மைனஸ் ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகி மண்டையை மழுக்கிவிட்டு அப்புறம் எனக்குக் கடிதம் போடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் போனின் உருவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே அந்தந்தத் திருகாணியை டேப்பால் ஒட்டிவையுங்கள்.

உலோகச் சட்டத்தைத் தூக்கும்போது டிஸ்பிளேயும் கூடவே வரும். அதன் அடியில் எட்டு மெல்லிய ஸ்பிரிங் கால்கள் இருக்கும். சால்டரிங் கிடையாது, போர்டின் மேல் அழுந்தி நிற்பதோடு சரி. இதன் அழகே அதுதான்: டிஸ்பிளே, ஸ்பீக்கர், அடியில் மைக்கோடு சேர்ந்த சார்ஜிங் பின், எல்லாம் அழுத்தத்தில் நிற்கிறவை. அதனால்தான் சூடே காட்டாமல் பாதி நோய்களைத் தீர்க்க முடிகிறது. திரை முழுவதும் வெறுமையாக இருந்தால் அந்தக் கால்களைத் துடைத்தாலே சரியாகிவிட வாய்ப்புண்டு. நடுவில் ஒரு கோடு மட்டும் காணவில்லை என்றால் டிஸ்பிளேயே போய்விட்டது, துடைத்துப் பிரயோஜனம் இல்லை.

சாவிக்கு வருவோம். ரப்பருக்கு அடியில், ஒட்டும் தாளில் சின்னச் சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கும். நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள், நல்ல குமிழ் டிக் என்று சொல்லி மேலே எழும்பும். எழும்பாததும் சத்தம் வராததும் களைத்துப்போனவை, அந்தத் தாளை மட்டும் தனியாக வாங்கலாம். எல்லாம் டிக் என்கிறதா, அப்படியானால் தாளை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, போர்டில் இருக்கும் தங்க நிற வட்டங்களை ஐபிஏ தொட்ட பட்ஸால் துடையுங்கள். கருப்பாக அழுக்கு வரும், வரவர மனதுக்கு ஒரு திருப்தி. தின்னர் மட்டும் வேண்டாம், கடைப் பையன்கள் கை பழகியவர்கள், போர்டில் மட்டும் படும்படி அடிப்பார்கள், நமக்கு அது பாடியிலும் திரையிலும் தெறித்துப் பிளாஸ்டிக்கை மங்கடித்துவிடும். காய்ந்தபின் தாளை அதே இடத்தில் ஒட்டி மூடுங்கள். அதற்குப் பிறகும் 2, 5, 8 வரவில்லை என்றால் தடம் அறுந்திருக்கிறது, கடையில் ஜம்பர் போடச் சொல்லுங்கள். மெல்லிய ஒயர் ஒன்று, இரண்டு சொட்டு ஈயம், அவ்வளவுதான் வேலை.

கே: தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வைக்க வேண்டும்? – வாசகி, நாகர்கோவில்

ப: இப்போதே எடுங்கள், அரிசியைச் சோறாக்குங்கள். அரிசி போனுக்குள் போய் ஈரத்தை உறிஞ்சி வராது, தவிடும் தூசியும்தான் உள்ளே போகும். ஐபோன் செய்கிற ஆப்பிள்காரர்களே 2024-இல் அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டார்கள். போனைக் கெடுப்பது ஈரம் மட்டும் இல்லை, ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் தகடுகளில் பூக்கும் பச்சைதான். அதனால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது, ஆன் ஆகிறதா என்று பார்ப்பது அல்ல. பிறகு பிரித்து, மென்மையான டூத் பிரஷ்ஷில் ஐபிஏ தொட்டு போர்டைத் தேய்த்து, ஃபேன் காற்றில் காயவையுங்கள். கடல் தண்ணீரோ டீயோ என்றால் காத்திருக்கவே கூடாது, உப்பும் சர்க்கரையும் காய்ந்தபின்னும் உள்ளேயே தங்கி வேலையைக் காட்டும்.

கே: 1100-ஐ நானே சுத்தம் செய்து மாட்டினேன், ஆன் ஆகிறது, டார்ச் எரிகிறது, ஆனால் ஜியோ சிம் போட்டால் நெட்வொர்க் வரவே இல்லை. ஆன்டெனாவை உடைத்துவிட்டேனா? – வாசகர், திருவண்ணாமலை

ப: ஒன்றும் உடையவில்லை. ஜியோவில் 2ஜி கிடையாது, உங்கள் போனில் 2ஜியைத் தவிர வேறு எதுவும் கிடையாது, இருவரும் சந்திக்கவே முடியாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்மில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நானோ சிம்மை அடாப்டர் சட்டத்தில் வைத்துப் போடும்போது மட்டும் ஜாக்கிரதை, சிம் இல்லாத வெறும் சட்டத்தை உள்ளே தள்ளி இழுத்தால் சிம் முள் அதில் மாட்டிக்கொண்டு வளைந்துவிடும். சரிசெய்த போனைச் சிங்கப்பூர் மாமாவுக்கு ஞாபகார்த்தமாக அனுப்பலாம் என்று யாராவது நினைத்தால், அங்கே 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டார்கள். டார்ச்சாக வைத்துக்கொள்ளட்டும்.

கே: பேட்டரிக்குக் கீழே மேட் இன் இந்தியா என்று இருக்கிறது. டூப்ளிகேட்டா? – வாசகர், ஆரணி

ப: அட, நம் ஊர் போனைப் போய்! நோக்கியாவின் தொழிற்சாலை 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஓடியது. ஆயிரக்கணக்கான பேர், அதிலும் பெரும்பாலும் இளம்பெண்கள், சுற்று வட்டாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து வேலை பார்த்தார்கள். உங்கள் ஆரணிப் பக்கத்திலேயே விசாரித்துப் பாருங்கள், யாராவது ஒருவர் இருப்பார். வரிப் பிரச்சினையில் மாட்டியதால் 2014-இல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை மட்டும் கைமாறவில்லை, அதே வருடம் நவம்பரில் மூடிவிட்டார்கள். பிற்பாடு சார்ஜர் செய்கிற சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது.

அசலா என்று பார்க்க லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். *#06# அடித்தால் திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) லேபிளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால் யாரோ பாடியையோ போர்டையோ மாற்றியிருக்கிறார்கள்.

கே: பாலிடெக்னிக் படிக்கிறேன். என் 3310 ஆன் செய்தால் கான்டாக்ட் சர்வீஸ் என்று வருகிறது. ஐசியில் ஹீட் அடித்தால் சரியாகும் என்கிறார்கள். ஹாட் ஏர் கன் வாங்கலாமா? – வாசகர், சேலம்

ப: வாங்குங்கள், ஆனால் அந்த 3310-இல் ஆரம்பிக்காதீர்கள். போன் ஆன் ஆகும்போது தன்னையே சோதித்துப் பார்க்கும், உள்ளே ஏதோ ஒரு ஐசி, அதாவது சில்லு, பதில் சொல்லாவிட்டால் அந்த வாசகத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கீழே விழுந்து விழுந்து, ஐசிக்கு அடியில் இருக்கும் ஈயக் குண்டுகளில் விரிசல் விடுவது ஒரு காரணம். சாஃப்ட்வேர் கெட்டுப்போனாலும் இதே வாசகம்தான், அப்போது எவ்வளவு சூடு காட்டினாலும் பிரயோஜனமில்லை, ஃபிளாஷ்தான் அடிக்க வேண்டும், அதாவது சாஃப்ட்வேரை மறுபடி ஏற்ற வேண்டும்.

பழைய போன்களில் உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் ஈயத்துக்குத் தடை வரும்வரை பெரும்பாலும் ஈயம் கலந்த சால்டர்தான், அது 183 டிகிரியில் உருகிவிடும். ஈயமில்லாதது 217 டிகிரி கேட்கும், அதற்குள் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் சுருண்டுவிடும். சென்னை வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செத்த போர்டுகளை விலைக்குக் கேளுங்கள். அவற்றில் ஐசியை எடுத்து, மறுபடி அதே இடத்தில் உட்காரவைத்துப் பழகுங்கள். சால்டரிங் பேஸ்ட்டைக் கஞ்சத்தனம் பார்க்காமல் தடவுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், பேட்டரி பக்கத்திலேயே இருக்கக் கூடாது. கை நிதானப்பட்டபின் உங்கள் 3310-ஐத் தொடலாம்.

கே: உப்பிய பேட்டரியை எங்கே போடுவது? – வாசகர், காரைக்குடி

ப: குப்பைத் தொட்டியில் வேண்டாம், லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்திருந்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பவரின் பொறுப்பு, அதனால் புதுசு வாங்கும் கடையிலேயே எடுத்துக்கொள்வீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.