பழைய அமெரிக்கப் பானை ஓடுகள்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அகழாய்வுகளில் வரும் ஓடுகளைக் கழுவி, வகை பிரித்து, எண் போட்டு வைப்பது என் பிழைப்பு. வந்த கேள்விகளில் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

எடிசன், நியூ ஜெர்சி: அக்கா, பின்கட்டில் மரம் நட குழி வெட்டினோம். சாம்பல் நிற ஓடு ஒன்று வந்தது. வெளியே நீலப் பூ, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. உள்ளே பழுப்பு. என்ன இது?

உப்பு மெருகிட்ட ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல்போல இறுகச் சுட்ட மண்பாண்டம். சூளைச் சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உப்பை வாரி உள்ளே போடுவார்கள். அது ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகும். நீங்கள் தடவிப் பார்த்த சொரசொரப்பு அதுதான். நீலம் கோபால்ட் என்ற உலோகச் சாயம், அந்தச் சூட்டிலும் நிறம் மாறாமல் நிற்கும்.

உள்ளே ஏன் பழுப்பு? ஜாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உப்பாவி உள்ளே நுழையாது. அதனால் ஹட்சன் ஆற்றோரம் ஆல்பனி பக்கம் கிடைக்கும் களிமண்ணைக் கரைத்து உள்ளே பூசினார்கள். சூளையில் அதுவே உருகிப் பழுப்பு மெருகாகிவிடும். அந்தப் பூச்சு இருப்பதால் உங்கள் ஓடு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. உங்களுக்குப் பக்கத்து சவுத் ஆம்பாய் மண்ணைப் படகில் ஏற்றி நியூயார்க் குயவர்கள் வாங்கிப்போனார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளீச் போட்டுத் தேய்க்காதீர்கள். எத்தனை அடி ஆழம், கூடவே ஆணி, பொத்தான், கண்ணாடி ஏதும் கிடந்ததா என்று இன்றே எழுதி வையுங்கள். இடம் தெரியாத ஓடு வாயில்லாப் பூச்சி.

டாலஸ்: மாமியார் வீட்டு ஊறுகாய் ஜாடி போலவே மேலே பழுப்பு, கீழே வெள்ளை. 1700களைச் சேர்ந்தது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார்.

அவருக்கு வியாபாரம். அந்த வெள்ளை, துத்தநாகம் கலந்த பிரிஸ்டல் மெருகு. இங்கே 1880களுக்குப் பிறகுதான் பரவியது.

சான் ஹோசே: இரண்டு காலன் ஜாடி, நீலப் பறவை போட்டது. எவ்வளவு போகும்?

முதல் பத்தி.

லான்காஸ்டர், பென்சில்வேனியா: சிவப்பு மண் தட்டு, மேலே மஞ்சள் கோடுகள், நல்ல பளபளப்பு. இதில் சாப்பிடலாமா?

கூடாது. இது ரெட்வேர், பளபளப்பு ஈயத்தால் வந்தது. புளிப்பு பட்டால் ஈயம் கசியும். 1785லேயே பென்சில்வேனியாப் பத்திரிகையில் இதை எச்சரித்து எழுதியிருக்கிறார்கள். ரசத்தை ஊற்றி வைத்துவிடாதீர்கள். சுவரில் மாட்டுங்கள்.

ரிச்மண்ட், வர்ஜீனியா: காலனிகளில் தொழில் வளர்வதை லண்டன் விரும்பவில்லையே, பானை மட்டும் எப்படிச் செய்தார்கள்?

ஏமாற்றித்தான்! யார்க்டவுனில் வில்லியம் ராஜர்ஸ் என்று ஒருவர். அவரைப் பற்றி வர்ஜீனியா ஆளுநர் கூச் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கைகளில் இருப்பதெல்லாம், இங்கே ஓர் ஏழைக் குயவன் இருக்கிறான், பொருட்படுத்த வேண்டாம் என்ற தோரணைதான். பின்னாளில் தோண்டிப் பார்த்தால் பெரிய சூளை, மண்பாண்டமும் ஸ்டோன்வேரும் குவியல் குவியலாய். 1739இல் ராஜர்ஸ் இறந்தபோது நல்ல வசதியான வணிகர். காகிதத்தில் ஏழை, மண்ணுக்கடியில் முதலாளி.

கொலம்பியா, சவுத் கரோலினா: கொலோனோவேர் அடிமைகள் செய்ததுதானே? பழைய புத்தகங்களில் ஏன் பூர்வகுடிகள் பேரில் இருக்கிறது?

கொலோனோவேர் என்றால் சக்கரமில்லாமல் கையால் வனைந்து, சூளையில்லாமல் திறந்த நெருப்பில் சுட்ட மெருகற்ற மண்பாண்டம். 1962இல் தொல்லியலாளர் ஐவர் நோயல் ஹ்யூம், பூர்வகுடிகள் செய்து காலனிக்காரர்களுக்கு விற்றது என்று கருதி 'கொலோனோ-இந்தியன் வேர்' என்று பெயர் வைத்தார். பிறகு தோட்டங்களில் அடிமைக் குடியிருப்புகளைத் தோண்டத் தோண்ட இதே ஓடு ஏராளமாக வந்தது. ஆப்பிரிக்கர்களும் செய்திருக்கிறார்கள் என்று தொல்லியலாளர் லீலண்ட் ஃபெர்குசன் வாதாடினார்.

ராலே, நார்த் கரோலினா: மழுப்புகிறீர்கள். கொலோனோவேர் கிண்ணங்களின் அடியில் கீறிய பெருக்கல் குறி காங்கோ மக்களின் பிரபஞ்சச் சின்னம். இதற்கு மேல் என்ன சாட்சி?

அது ஃபெர்குசனின் வாசிப்பு. அழகானது. அந்தக் கிண்ணங்களில் பல ஆற்றடியில் கிடைத்தவை, ஆகவே நீர்ச்சடங்கு என்றார். ஆனால் இரண்டு கோடு குறுக்கே போடுவது எந்த மனிதக் கைக்கும் வரும். தென்கிழக்குப் பூர்வகுடிகளிடமும் சிலுவைக்கோலம் உண்டு. 'இது என் கிண்ணம்' என்று யாரோ போட்ட அடையாளமாகவும் இருக்கலாம்.

மறுபடியும் ராலே: ஆக, ஆப்பிரிக்கர்களின் கைத்திறனை மறுக்கிறீர்கள்.

தம்பி, நான் சொல்லாததை என் வாயில் திணிக்க வேண்டாம். அடிமைகள் செய்தார்கள் என்பதற்குக் குறியைவிட நல்ல சாட்சி குப்பையில் இருக்கிறது. சவுத் கரோலினாவின் பெர்க்லி கவுண்டித் தோட்டங்களில் சுடும்போது தெறித்த ஓடுகளும் சுட்ட களிமண் கட்டிகளும் கிடைத்தன, அங்கேயே வனைந்திருக்கிறார்கள். அதே இடத்தில் மெல்லிய, தேய்த்துப் பளபளப்பாக்கிய, கட்டாபா என்ற பூர்வகுடி மக்களின் பாண்டமும் வருகிறது. அது விலைக்கு வந்தது. இரண்டும் உண்மை.

கைத்திறனுக்கு அதே சவுத் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டு போங்கள். சாம்பலும் மணலும் களிமண்ணும் கலந்த மெருகு அங்கே. அடிமையாயிருந்த டேவிட் டிரேக், அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடுத்த 1834 சட்டத்துக்குப் பிறகும் ஈர ஜாடியில் தன் பேரையும் கவிதை வரிகளையும் கீறினார். அங்கே பாட்டர்ஸ்வில் சூளையை 2011இல் தோண்டியபோது நீளம் 105 அடி வந்தது. அது பட்டறை இல்லை, தொழிற்சாலை. இந்த வாதத்தை இத்தோடு விடுகிறேன்.

அட்லாண்டா: மெட்டல் டிடெக்டரோடு தேசியக் காட்டில் தேடலாமா? ஓடு கிடைத்தால் என்ன விலை…

1979 சட்டப்படி அரசு நிலத்தில் அனுமதியின்றித் தொல்பொருள் எடுப்பது குற்றம். விலைக்கு, முதல் பத்தி. மூன்றாவது தடவை இனிக் கிடையாது.

மீண்டும் எடிசன்: ஆர்வத்தில் இன்னும் இரண்டடி வெட்டினேன் அக்கா. நூறு ஓடு இருக்கும். சிலது உருகி ஒன்றோடொன்று ஒட்டி, கோணலாக இருக்கிறது.

மண்வெட்டியைக் கீழே வையுங்கள். உருகி ஒட்டியதை யாரும் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அது சூளைக் கழிவு. பள்ளம் நிரப்ப வண்டியில் வந்த மண்ணாகவும் இருக்கலாம், பக்கத்திலேயே சூளை இருந்திருக்கவும் கூடும். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், குழிமேல் தார்ப்பாய் போடுங்கள், திங்கட்கிழமை மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். எடுத்த ஓடுகளைக் கழுவ வேண்டாம். அதற்குள் ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: ஓடுகளுக்கு நடுவே விரல் தடம் பதிந்த சின்னக் களிமண் உருண்டைகள் கிடக்கின்றனவா? ஜாடிக்கும் ஜாடிக்கும் இடையில் முட்டுக் கொடுக்கக் குயவர் பிடித்து வைப்பது அது.