ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குள் மடிக்கணினி: படிப்புக்கு வாங்குவதில் கேம் ஓடுமா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த நான் கொழும்பில் வேலை செய்கிறேன். உயர்தரம் முடித்த என் தம்பி, கண்டியில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கச் சேர்ந்திருக்கிறான். அம்மா கொழுந்தெடுத்துச் சேர்த்த பணமும் நான் அனுப்பியதுமாக ஒன்றரை இலட்சம் ரூபா கையில் இருக்கிறது. புதியது வாங்குவதா, பாவித்தது வாங்குவதா? 'வெலரண்ட்', 'ஜிடிஏ 5' ஆகிய இரண்டும் ஓட வேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான். கடைக்காரரிடம் கேட்டால், "ரைசன் 5, எட்டு ஜிபி ரேம், எல்லாமே ஓடும்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: சகோதரி, 2024 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், உங்கள் கையிலுள்ள தொகை தோட்டத்தில் 111 நாள் வேலைக்குச் சமம். அப்படிச் சேர்த்த பணத்தை "எல்லாமே ஓடும்" என்ற ஒரு சொல்லை நம்பிக் கொடுத்துவிட வேண்டாம். படம் வரைவதற்கென்றே தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ள புதிய மடிக்கணினி இந்தத் தொகைக்குள் வராது. ஆனால் தம்பி கேட்கும் இரண்டு கேம்களுக்கும் அது கட்டாயமில்லை. கணினியின் மூளையான புரொசஸரின் முழு எண், அது வேலை செய்யும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகமான ரேம் பொருத்தப்பட்டிருக்கும் விதம் ஆகிய இரண்டையும் சரியாகப் பார்த்து வாங்கினால், தனி கார்ட் இல்லாத மடிக்கணினியிலேயே அவனது படிப்பும் நடக்கும், குறைந்த காட்சித் தரத்தில் அந்த இரண்டு கேம்களும் ஓடும்.

முதலில் ரேமைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் விலைப் பட்டியலில் எழுதப்படாமல் விடுபடுவது இதுதான். தனி கிராபிக்ஸ் கார்ட்டுக்கு அதற்கே உரிய நினைவகம் உண்டு. புரொசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கு அப்படி எதுவும் கிடையாது. கணினியின் ரேமில் ஒரு பங்கை அது கடனாக எடுத்துக்கொண்டு, படம் வரையத் தேவையான தரவுகளை நொடிதோறும் அங்கிருந்தே அள்ளுகிறது. மாலையில் கொழுந்து மடுவத்தில் ஒரே தராசு இருந்தால் கூடை நிறையக் கொழுந்து இருந்தும் வரிசை நகராது, இரண்டு தராசு வைத்தால் அதே ஆட்கள் அரைவாசி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரேமும் அப்படித்தான். எட்டு ஜிபி அட்டை ஒன்று மட்டும் இருந்தால் தரவு ஒரே பாதையில் வந்து சேர்கிறது; இரண்டு அட்டைகளாக இருந்தால் பாதையும் இரட்டிப்பாகிறது. இன்டெல்லின் 'ஐரிஸ் எக்ஸ்ஈ' கிராபிக்ஸ் உள்ள கணினியில் ஒரே அட்டை மட்டும் இருந்தால், விண்டோஸ் அதற்கு அந்தப் பெயரைக்கூடக் காட்டாது. சாதாரண 'யூஎச்டி' என்றே காட்டும். காசு கொடுத்து வாங்கிய திறன் உள்ளே இருந்தும் பயன்படாமல் கிடக்கும்.

இதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் செயல்திறன் பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தொட்டால், எத்தனை பொருத்திடங்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை நிரம்பியுள்ளன என்பது கீழே தெரியும். இரண்டில் ஒன்று நிரம்பியிருந்தால் நல்லது. பின்னர் இன்னோர் எட்டு ஜிபி போட்டுக்கொள்ளலாம். சில மாதிரிகளில் ரேம் முழுவதும் தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். எட்டு ஜிபியோடு அப்படி ஒன்றை வாங்கினால், அது கடைசிவரை எட்டு ஜிபிதான்.

கடைக்காரர் சொன்ன 'ரைசன் 5' என்ற ஏஎம்டி புரொசஸரைப் பற்றி நான் கவலைப்படுவதும் இதனால்தான். அந்தப் பெயரில் வரும் எல்லாம் ஒன்றல்ல. 7520யூ, 7530யூ என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் இரண்டுமே 'ரைசன் 5 7000 வரிசை' என்றுதான் இருக்கும். 7520யூ நான்கு கோர் (வேலை செய்யும் அலகு) கொண்டது, அதன் கிராபிக்ஸ் பகுதி மிகச் சிறியது, ஒட்டிய ரேமோடு மட்டுமே அது வரும். 7530யூ ஆறு கோர் கொண்டது, கிராபிக்ஸும் தெளிவாகப் பெரியது, ரேம் கூட்டக்கூடிய மாதிரிகளும் அதில் உண்டு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. முதல் இலக்கத்தைப் பார்த்துப் புதியது என்று எண்ணிவிடக் கூடாது. கடைக்காரரிடம் முழு எண்ணையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். 7520யூவும் எட்டு ஜிபியும் என்று பதில் வந்தால், தம்பியின் பாடங்களின் முதல் பகுதிக்கு அது போதுமென்றாலும், கைத்தொலைபேசிச் செயலி எழுதும் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவில், கைத்தொலைபேசியைக் கணினிக்குள்ளேயே ஓட்டிக் காட்டும் எமுலேட்டரைத் திறக்கும் நாளில் கணினி மூச்சுத் திணறும். அந்தப் பாடத்துக்கு 16 ஜிபி இருப்பதே நல்லது. இரட்டை ரேம் கேமுக்காக மட்டும் நான் சொல்லும் ஆடம்பரம் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இன்டெல் பக்கத்தில், புதிதாக வாங்குவதானால் ஐ3-1215யூ நியாயமான தொடக்கம். வேகம் குறைந்த புரொசஸரான 'செலரோன்' என்று எழுதியிருப்பதையும், சேமிப்பகம் 'ஈஎம்எம்சி' என்ற மெதுவான வகையாகக் குறிக்கப்பட்டிருப்பதையும் விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது கேம். வெலரண்ட் எளிய கணினிகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது; 2012 இல் வெளிவந்த இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸே அதற்குக் குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லப்பட்டது. ஆகவே மேலே நான் ஏற்றுக்கொண்ட எந்தக் கணினியிலும் அது நன்றாக ஓடும். விண்டோஸ் 11 இல் அதற்கு 'டிபிஎம் 2.0', 'செக்யூர் பூட்' ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கு நிலையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் தம்பி நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஜிடிஏ 5 இன் கணினிப் பதிப்பு 2015 இல் வந்தது. அந்தப் பழைய பதிப்பை இரட்டை ரேம் உள்ள ஐரிஸ் எக்ஸ்ஈ அல்லது 7530யூவில், காட்சி அமைப்புகளைக் குறைத்து, திரைத் தெளிவையும் 720பி அளவுக்கு இறக்கி வைத்தால் ஆறுதலாக விளையாடலாம். 2025 மார்ச்சில் வந்த மேம்படுத்திய பதிப்புக்கு நான்கு ஜிபி நினைவகமுள்ள தனி கிராபிக்ஸ் கார்ட் தேவை. அதை இந்தக் கணினியில் போட வேண்டாம். 'சைபர்பங்க் 2077' போன்ற பெரிய கேம்களை இந்தத் தொகையில் நினைக்கவே வேண்டாம். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் விண்டோஸ், பாடத்துக்கான மென்பொருட்கள், இந்த ஒரு கேம் ஆகியவற்றோடு இடம் ஏறக்குறைய முடிந்துவிடும். 512 ஜிபி கிடைத்தால் அதையே எடுங்கள்.

இன்னொரு உண்மையையும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெலரண்ட் இணையத்தில் மட்டுமே ஆடப்படுவது, அதன் சேர்வர்கள் நமக்கு அண்மையில் இருப்பவை மும்பையிலும் சிங்கப்பூரிலும்தான். பள்ளத்தாக்கில் இருக்கும் லயத்தில் கைத்தொலைபேசியின் சிக்னல் மூடுபனியைப்போல் வந்து வந்து போகுமானால், எந்த விலையுயர்ந்த கணினியாலும் அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்ய முடியாது. கேமைப் பதிவிறக்குவதைக் கண்டியில் வைஃபை உள்ள இடத்தில் முடித்துக்கொண்டு வருவது டேட்டா செலவையும் மிச்சப்படுத்தும்.

புதியதா, பாவித்ததா என்ற கேள்விக்கு என் பதில் சற்று நீளமானது. ஒன்றரை இலட்சத்துக்குள் 7530யூ அல்லது ஐ3-1215யூ புதிதாக, ரேம் கூட்ட இடமுள்ளதாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். உத்தரவாதம் இருக்கும், பெட்டரியும் புதிதாக இருக்கும். அது கிடைக்கவில்லையென்றால், பலவீனமான புதியதைவிட, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த நல்ல மடிக்கணினியே மேல் என்பது நான் உறுதியாக நம்புவது. டெல் லட்டிடியூட் 5420, எச்பி எலைட்புக் 840 ஜி8 ஆகியவை அந்த வகை. ஐ5-1135ஜி7 புரொசஸரோடு வந்தவற்றைத் தேடுங்கள். இரண்டிலும் ரேமுக்கு இரண்டு பொருத்திடங்கள் இருக்கின்றன, கிராபிக்ஸும் ஐரிஸ் எக்ஸ்ஈ. எட்டும் எட்டுமாகப் பதினாறு ஜிபி போட்டால் தம்பியின் பாடமும் கேமும் ஒன்றாக நடக்கும்.

ஆனால் பாவித்தவற்றில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதனால் அதற்கு முந்திய கணினிகள் 'ஐ7' என்ற பெரிய பெயரோடு மலிவு விலையில் கிடைக்கும்போது மனம் இழுபடும். எண்ணைப் பாருங்கள்: ஐ5-7300யூ ஏழாம் தலைமுறை, ஐ5-8350யூ எட்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த ஓர் இலக்கம்தான் எல்லை; 1135, 1215 போன்று ஒன்றில் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கமும் சேர்ந்து பதினொன்றாம், பன்னிரண்டாம் தலைமுறையைக் குறிக்கும். எட்டாம் தலைமுறை படிப்புக்குப் போதும், வெலரண்டும் ஓடும். ஜிடிஏ 5 மிகக் குறைந்த அமைப்பில் தட்டித் தடவித்தான் ஓடும்.

பாவித்ததை வாங்கும்போது விண்டோஸின் பெட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செய்யப்பட்டபோதிருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் அருகருகே இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதியாகியிருந்தால், புதிய பெட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள், திரையில் வெள்ளை நிறத்தை முழுவதுமாக நிரப்பி மூலைகளைப் பாருங்கள், மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள். பழைய கேமிங் மடிக்கணினி இதே விலைக்கு வந்தால் ஆசைப்பட வேண்டாம் என்றே சொல்வேன். அதன் கிராபிக்ஸ் சிப் தாய்ப்பலகையில் ஒட்டப்பட்டது. பல வருடம் சூட்டில் ஓடி அது போனால் முழுப் பலகையும் போனது மாதிரிதான். அதன் சார்ஜரும் செங்கல் மாதிரிப் பாரமானது, தம்பி கண்டிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அதைச் சுமக்க வேண்டும்.

வாங்கிய பிறகு பேணுவது நம் மலையகத்தில் தனிக் கலை. ஹட்டனில் என் திருத்தும் மேசைக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவியின் மடிக்கணினி வந்தது. கேம் இல்லை, வேர்ட் திறந்தாலே சூடேறி நின்றுவிடுகிறது என்றார். அடிமூடியைக் கழற்றினேன். காற்றாடிக்கும் செப்பு வெப்பக்கடத்திக்கும் இடையில், விரல் நகத்தின் தடிப்பில், சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை படிந்திருந்தது. குறட்டால் இழுத்தபோது அது பிய்யாமல் ஒரே துண்டாக வந்தது. கம்பளியின் நூலும் விறகடுப்புக் கரியும் சேர்ந்து இறுகிய துண்டு அது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு, கம்பளியின் மேல் கணினியை வைத்துப் படித்திருக்கிறார். அடுப்படியும் அந்தக் காம்பராவுக்குப் பக்கத்திலேயே. சுத்தம் செய்து, வெப்பப் பசையை மாற்றியதும் அதே கணினி சரியாக ஓடியது. நம் குளிர்ந்த காற்று உண்மையில் கணினிக்கு நல்லது, அது உள்ளே போகும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். ஒரு பலகைத் துண்டையோ பெரிய கொப்பி அட்டையையோ அடியில் வைத்தால் போதும்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் ஒன்றாகப் பாவிக்கும்போது லயத்தில் மின்னழுத்தம் இறங்குவது சார்ஜரைப் பாதிக்காது. 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். இடிதான் ஆபத்து. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் இருட்டத் தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிட வேண்டும், சுவிட்சை நிறுத்துவது போதாது. உலோக உடலைத் தொடும்போது கையில் கிறுகிறுவென்று உணர்ந்தால், அந்தப் பிளக் பொயின்ட்டில் எர்த் கம்பி இல்லை என்று ஐயப்பட்டு மின்பணியாளரிடம் காட்டுங்கள். எர்த் இல்லாத இடத்தில் மின்னல் பாதுகாப்பு மல்டிபிளக் வாங்கி வைப்பதும் பெயருக்குத்தான்.

எங்கே வாங்குவது என்பதில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பல கடைகளை ஒரே நடையில் ஒப்பிடலாம், நீங்கள் கொழும்பில் இருப்பதால் அது வசதியே. ஆனால் பழுதானால் கொண்டுபோகப் போவது தம்பி என்பதால், கண்டியில் சேவை நிலையம் உள்ளதா என்று கேட்டு, விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் கண்டியிலேயே வாங்குங்கள். உத்தரவாதம் தருவது கம்பனியின் உள்நாட்டு முகவரா, கடையா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள், தொடர் இலக்கமும் அதில் இருக்கட்டும். எழுதித் தந்ததைக் கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கையில் உள்ளதற்கு மேல் தவணையில் கடன்பட்டோ நகையை அடகு வைத்தோ கேமிங் மாதிரிக்குப் போக வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன்.

இந்த வாரமே கடைக்காரருக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: புரொசஸரின் முழு எண் என்ன, ரேம் கூட்ட வெற்றிடம் உள்ளதா, விண்டோஸ் 11 உரிமத்தோடு வருகிறதா. முதல் பதில் 7520யூ என்றிருந்தால் அந்தக் கடையை விட்டுவிட்டு, ஐ5-1135ஜி7 உள்ள லட்டிடியூட் 5420 ஒன்றைத் தேடத் தொடங்குங்கள். எட்டு ஜிபியோடு அது கிடைத்து, கையில் கொஞ்சம் மிஞ்சினால், அந்தப் பணத்துக்கு இரண்டாவது ரேம் அட்டையை வாங்கிக் கடையிலேயே பொருத்தச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் இரண்டு இடமும் நிரம்பியிருப்பதைத் தம்பியின் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.