மைக் செட் அப்பாவின் இசைத்தட்டுகள்: எந்தத் தண்ணீரில் கழுவுவது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் அப்பா மைக் செட் வைத்திருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியில் அறுபது இசைத்தட்டுகள் கிடைத்தன. பழைய பிளேயரைச் சரிசெய்து போட்டால் ஒரே கரகரப்பு. சோப்புப் போட்டுக் குழாயில் கழுவலாமா? ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும் என்கிறார் நண்பர். ஊசியை மாற்ற வேண்டுமா?

பதில்: கழுவலாம். ஆனால் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரின் லட்சணத்தை வீட்டுச் சில்வர் குடமே சொல்லும். காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு, தட்டில் ஊசி ஓடும் தலைமுடி அளவுப் பள்ளத்திலும் படியும். அப்புறம் அதுவே கரகரக்கும். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

தண்ணீர் தொடும் முன் தட்டுகளைப் பிரித்துவிடுங்கள். கனமாக, கீழே விழுந்தால் உடைகிற மாதிரி, லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று இருப்பவை பெரும்பாலும் அரக்குத் தட்டுகள். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? உங்கள் நண்பர் சொன்னபடி துடைத்தால் பாட்டும் பஞ்சோடு வந்துவிடும். அரக்குத் தட்டை ஊறவும் விடாதீர்கள். ஈரத்துணியில் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

33, 45 வேகத்தில் ஓடும் வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) தட்டுகளுக்கு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். குவாரித் தூசி வினைலை விடக் கடினமானது, அதை வைத்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தால் கீறல்தான். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. சோப்பு போக வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு தடவை. பாத்திர ஸ்டாண்டில் நிழலில் நிறுத்திக் காயவையுங்கள்; வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி வளையும். உலர்ந்ததும் புது உறையில் போட்டு நிற்க வையுங்கள், அடுக்கிப் படுக்க வைக்காதீர்கள்.

இனி ஊசி. எவ்வளவு ஓடியது என்று தெரியாத பழைய ஊசியை மாற்றிவிடுவதே நல்லது. வைர ஊசியே 500 முதல் 1000 மணி நேரம்தான். சஃபையர் (நீலக்கல்) ஊசி அதில் சிறு பங்குதான் வரும். 78க்கும் எல்.பி.க்கும் (33 வேகத் தட்டு) ஒரே ஊசி ஆகாது, 78இன் பள்ளம் அகலம். சில பழைய பிளேயர்களில் ஒரு பக்கம் 78க்கும் மறுபக்கம் எல்.பி.க்குமாக ஊசியைத் திருப்பிப் போடும் வசதி இருக்கும், பாருங்கள். புது ஊசியை விரலால் துடைக்காமல், உலர்ந்த சின்ன பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தள்ளுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் அதைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு சில தட்டுகள் கரகரக்கும். திருவிழாவுக்குத் திருவிழா கனமான பிக்கப்பில் (ஊசியைத் தாங்கும் தலை) ஓடித் தேய்ந்த பள்ளம் அது, கழுவினால் திரும்பாது. அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.