ராமர் பாதத்துக்கு வேலி வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போயிருந்தபோது மோரோ பாறையைப் பார்த்தேன். கடலோரத்தில் தனி மலையாக நிற்கிறது. பறவைகளுக்காகப் பாதுகாக்கிற இடமாம், யாரும் ஏறக் கூடாதாம். எனக்கு நம் கோடியக்கரை ராமர் பாதம் நினைவுக்கு வந்தது. ஆடி, தை அமாவாசைகளில் அங்கே எவ்வளவு கூட்டம்! அதையும் வேலி போட்டு மூடினால்தான் காடு பிழைக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அங்கே திரிகிற குதிரைகள் நம் காட்டுக்கே உரியவைதானா என்பதையும் எழுதுங்கள்.

ஒரு வாசகர், வேதாரண்யம்

அன்புள்ள நண்பருக்கு,

மூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். மோரோ பாறைக்கு எப்படிப் பாதுகாப்பு வந்தது என்று பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றலாம்.

அது எரிமலையின் குழாய்க்குள் இறுகிப்போன குழம்பு. வயது சுமார் 2.3 கோடி ஆண்டு, உயரம் 177 மீட்டர். நம் திருச்சி மலைக்கோட்டையைப் போல இரண்டு பங்கு. அலைதடுப்புச் சுவர் கட்டக் கல் வேண்டுமென்று 1889 முதல் 1969 வரை அதை விட்டு விட்டு உடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு காலத்தில் சுற்றிலும் தண்ணீராக இருந்த பாறை அது. நீங்கள் காரில் அதன் அடிவாரம் வரை போயிருப்பீர்களே, அந்த வழியே கல்லைக் கொட்டித் தூர்த்ததுதான். 1968-ல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு குவாரி நின்றது. டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து அருகிப்போயிருந்த பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவை அங்கே கூடு கட்டுகிறது. ஏறத் தடை போட்டது அதற்காகத்தான். அங்கேயும் வழக்கு ஓயவில்லை: சலினன் பழங்குடியினர் சடங்குக்காக ஏற அனுமதி வாங்கியிருக்கிறார்கள், இன்னொரு பழங்குடியான சுமாஷ் மக்களோ, அவ்வளவு புனிதமான பாறையில் காலே வைக்கக் கூடாது என்கிறார்கள்.

ராமர் பாதத்தின் கதை வேறு. டெல்டாவில் பாறை ஏது? தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. கோடியக்கரையில் இருப்பது மணல்மேடு. அந்த முனையிலேயே உயரமான இடம் என்று பெயர், ஒரு தென்னையில் பாதிகூட வராது. மேலே ஒரு மண்டபம், அதில் கல்லில் செதுக்கிய இரண்டு பாதங்கள். ராமர் இங்கே நின்றுதான் இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். நாம் பார்த்தால் தெரிவது காடுதான். 2018 கஜா புயலில் விழுந்தது போக மீதி நிற்கிற பாலை மரங்கள். கோடையில் வந்தால் பாலைப்பழம் கிடைக்கும்; மஞ்சளாக, சின்னதாக இருக்கும். இரண்டு கை தின்றால் பால் பட்டு உதடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே தின்கிறவன் நான்.

இந்த மேட்டை யாரும் வெடி வைத்துத் தகர்க்கவில்லை. படியேறிக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறவரால் காட்டுக்குப் பெரிய கெடுதல் இல்லை. (பிளாஸ்டிக் பையைப் புதரில் வீசிவிட்டுப் போகிறவரை இதில் சேர்க்கவில்லை. அவருக்குத் தாராளமாக அபராதம் போடலாம்.) 1967-ல் வெளிமானுக்காகத்தான் இங்கே சரணாலயம் வந்தது. அந்த மான் மேய்கிற புல்தரையில் இன்று சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டிருக்கிறது. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு ஒழுங்காக வந்து சேராததால் பக்கத்துச் சதுப்பில் உப்பு கூடுகிறது. உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-ல் சேர்ந்த சதுப்பு அது. பூநாரையும் உள்ளானும் குளிர்காலத்தில் நம்பி வருகிற இடம். மோரோவில் கூடு கட்டுகிற அதே இனத்து வல்லூறும் அந்த உள்ளான்களைத் தேடி நம் கரைக்கு வரும். மண்டபத்தைச் சுற்றி வேலி போட்டால் சீமைக்கருவேலம் நிற்குமா, வாய்க்காலில் தண்ணீர் வருமா? ஆட்களைத் தடுப்பது அரசுக்குச் சுலபம், அதனால் அதைத்தான் முதலில் செய்வார்கள். நாமே போய் அதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

சரி, குதிரைகள். அவை காட்டுக்கு உரியவை அல்ல. மனிதர் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை. வெளிமான் மேய்கிற அதே புல்லைத்தான் மேய்கின்றன, கோடையில் அதே குட்டையில்தான் தண்ணீர் குடிக்கின்றன. பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனாலும் வனத்துறை அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க முனைந்தால் நான் எதிர்த்து எழுத மாட்டேன்.